கம்பெனி மாறியதும் கரண்ட் பில் எகிறினால் முதலில் பார்க்க வேண்டிய எண்

பிரிட்டனில் வீட்டுக்கு மின்சாரம் தரும் கம்பெனியை மாற்றிக்கொள்வது இப்போது சுலபம். 2022 ஜூலைக்குப் பிறகு ஐந்து வேலை நாளுக்குள் மாற்றம் முடிந்துவிடுகிறது. கம்பியும் மீட்டரும் பழையவைதான்; பில் அனுப்புகிறவர் மட்டும் வேறு. ஆனாலும் லண்டனில் எரிசக்திக் கடன் ஆலோசகராக இருக்கும் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பலர், கம்பெனி மாறி இரண்டு மூன்று மாதத்தில் வந்த பில்லோடுதான் வருகிறார்கள். "தம்பி, நாங்கள் இரண்டு பேர்தானே இருக்கிறம், எப்படி இவ்வளவு வரும்?" என்பதுதான் அநேகமாக எல்லோருடைய முதல் கேள்வியும்.

தொகையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பில்லில் ஆரம்ப ரீடிங் என்று போட்டிருக்கும் எண்ணைக் காட்டுங்கள் என்பேன். நான் பார்த்தவரை, கம்பெனி மாறிய பின் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை அந்த ஒற்றை எண்ணில்தான் சிக்கிக்கிடக்கின்றன. "பில் அதிகம்" என்று எத்தனை தடவை போன் செய்தாலும் மறுமுனையில் இருப்பவர் கணினியைப் பார்த்து "நீங்கள் பயன்படுத்தியதுதான்" என்று சொல்லிவிடுவார். "உங்கள் ஆரம்ப ரீடிங் தவறு, இதோ போட்டோ" என்று சொன்னால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

ஊரில் மீட்டர் பார்க்க ஆள் வருவார். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபிக்காரர் வருவார், இலங்கையில் மின்சார சபை ஆள் வந்து பில்லைக் கையிலேயே தந்துவிட்டுப் போவார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் யாராவது வருவார்கள் என்று இருந்துவிடுகிறோம். இங்கே ஆள் வருவது அபூர்வம். பழைய மீட்டராக இருந்தாலும், ஸ்மார்ட் மீட்டரிலிருந்து தகவல் போகாமல் நின்றுவிட்டாலும், நாம் ரீடிங் கொடுக்காதவரை கம்பெனி உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். பில்லில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்டிமேட்டட்' என்றோ வெறும் 'ஈ' என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தேடுங்கள்.

மாறும் நாளை ஒட்டி ஒரு ரீடிங் எடுக்கப்படும். அதைப் புதிய கம்பெனி வாங்கும், சரிபார்ப்பு நடக்கும், பிறகு பழைய கம்பெனிக்கும் அதே எண் போகும். பழையவரின் கடைசி ரீடிங்கும் புதியவரின் முதல் ரீடிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பழையவர் 42,300-ல் முடித்து, புதியவர் 41,300-ல் தொடங்கியிருந்தால் நடுவில் உள்ள 1,000 யூனிட்டுக்கு இரண்டு இடத்திலும் பணம் கேட்கிறார்கள் என்று அர்த்தம். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 250 பவுண்ட். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய கம்பெனியின் இறுதி பில் மாறிய ஆறு வாரத்துக்குள் வர வேண்டும் என்பது விதி. அது வராமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது, அதனால் அதை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொரு வகையில் வருகிறது. அதில் இரண்டு பில்லிலும் எண் ஒன்றாகவே இருக்கும், ஆனால் அந்த எண்ணே பொய்யாக இருக்கும். பழைய கம்பெனி இரண்டு வருடமாகக் குறைவாக உத்தேசம் போட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாறும் நாளிலும் நீங்கள் ரீடிங் கொடுக்கவில்லை, அவர்களாகவே 41,300 என்று போட்டு முடித்துவிட்டார்கள். மீட்டரில் உண்மையில் இருந்தது 43,900. இரண்டு மாதம் கழித்துப் புதிய கம்பெனிக்கு நீங்கள் சரியாக 44,400 என்று கொடுக்கிறீர்கள். அவர்கள் கணக்கில் இரண்டு மாதத்தில் 3,100 யூனிட், 25 பென்ஸ் வீதம் 775 பவுண்ட். நீங்கள் உண்மையில் எரித்தது 500 யூனிட், 125 பவுண்ட்.

மீதி 2,600 யூனிட்டும் நீங்கள் எரித்ததுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அது பழைய கம்பெனியின் காலத்தில் எரித்தது. அது அங்கே இருக்கிறதா இங்கே இருக்கிறதா என்பது உங்கள் பையைப் பொறுத்தவரை பெரிய விஷயம். காரணம், பழைய பாக்கி பற்றி ஒரு விதி இருக்கிறது. 2018-ல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அதைக் கம்பெனிகளின் உரிம நிபந்தனையிலேயே சேர்த்தது. சரியாக பில் போடாமல் விட்டது கம்பெனியின் பிழை என்றால், 12 மாதத்துக்கு முன்னால் பயன்படுத்திய மின்சாரத்துக்கு இப்போது வந்து பணம் கேட்கக் கூடாது. மீட்டரைப் பார்க்க விடாமல் தடுத்தது, திருட்டு இணைப்பு மாதிரி வாடிக்கையாளர் பக்கம் தவறு இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் உதாரணத்தில், ஆரம்ப ரீடிங்கை 43,900 என்று திருத்தினால் அந்த 2,600 யூனிட் பழைய கம்பெனியின் கணக்குக்குத் திரும்பிப் போகும். அங்கே போனதும் அதில் ஏறக்குறைய பாதி 12 மாதத்துக்கு முந்தையது என்பதால் கழிந்துவிடும். திருத்தாமல் விட்டால் எல்லாமே புதிய கம்பெனியின் கணக்கில் நேற்று எரித்தது போல நிற்கும், விதி கைகொடுக்காது. இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், "தவணையில் கட்டுகிறோம்" என்று ஒப்புக்கொண்டு வந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

திருத்தச் சொல்லி யாரிடம் கேட்பது? புதிய கம்பெனியிடம் தொடங்குங்கள். மாற்ற ரீடிங்கில் தகராறு என்று நீங்கள் பதிவு செய்தால், அவர்கள்தான் பழைய கம்பெனியோடு பேசி இரண்டு பேருக்கும் ஒரே எண்ணை முடிவு செய்ய வேண்டும். "அவர்களைக் கேளுங்கள்" என்று உங்களைப் பந்தாடினால் அந்தப் பதிலையே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாறிய நாளில் எடுத்த மீட்டர் போட்டோ இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் இன்று ஒரு போட்டோ, இரண்டு வாரம் கழித்து ஒரு போட்டோ எடுங்கள். ஒரு நாளுக்குச் சராசரி எத்தனை யூனிட் என்று தெரிந்தால், மாறிய நாளில் மீட்டர் எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். குளிர்காலமா கோடையா என்பதையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள், மின்சார ஹீட்டர் உள்ள வீட்டில் வித்தியாசம் நிறைய.

ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதே, அது பிழை விடுமா என்று கேட்பார்கள். மீட்டர் பிழை விடுவது குறைவு, தகவல் நின்றுபோவதுதான் அதிகம். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் கம்பெனி மாறியதும் ஊமையாகிவிடும் பிரச்சினை பல வருடம் இருந்தது. இன்றும் சில வீடுகளில் அப்படித்தான். சமையலறையில் வைத்திருக்கும் சின்னத் திரையை நம்பாதீர்கள், அதில் பழைய கம்பெனியின் விலையே ஓடிக்கொண்டிருக்கலாம். மீட்டரிடமே போய் எண்ணைப் பாருங்கள்; சில மீட்டரில் 9-ஐ அழுத்தினால் வரும். பழைய சக்கர மீட்டர் என்றால், கடைசியில் உள்ள சிவப்பு இலக்கம் தசமம், அதை விட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ரீடிங் சரியாக இருந்தும் பில் அதிகம் என்றால் அடுத்ததாக மீட்டரின் அடையாளத்தைப் பாருங்கள். மீட்டரில் அச்சடித்திருக்கும் வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா? கடைக்கு மேலே உள்ள வீடுகளிலும், ஒரு வீட்டை மூன்று ஃப்ளாட்டாகப் பிரித்த இடங்களிலும் மீட்டர்கள் மாறிக்கிடப்பது நான் அடிக்கடி காண்பது. எண் ஒன்றாக இருந்தாலும் போதாது, ஒயர் மாறியிருக்கலாம். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரில் சிமிட்டும் விளக்கைப் பாருங்கள். இன்னும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒன்று மீட்டரில் கோளாறு, அல்லது உங்கள் மீட்டரில் வேறு யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள். அப்புறம் மெயினைப் போட்டுக் கெட்டிலை ஓடவிடுங்கள், உங்கள் மீட்டர் வேகமெடுக்க வேண்டும். எடுக்காமல் பக்கத்து மீட்டர் வேகமெடுத்தால் விஷயம் தெரிந்துவிட்டது. இதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிடம் மீட்டரையே சோதிக்கச் சொல்லலாம், ஆனால் சோதனையில் மீட்டர் சரி என்று வந்தால் அதற்கான செலவை உங்கள் தலையில் போடலாம். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். சட்டப்படி மீட்டர் இரண்டரை சதவீதம் வரை கூடக் காட்டலாம், அதற்குள் இருந்தால் சரி என்றுதான் சொல்வார்கள். பில் இரட்டிப்பானதற்கு அந்த இரண்டரை சதவீதம் காரணமாக இருக்க முடியாது.

இரவில் மலிவு விலை தரும் எகானமி 7 திட்டம் இருக்கும் வீட்டில் பகல், இரவு என்று இரண்டு ரீடிங். கம்பெனி மாறும்போது இரண்டும் இடம் மாறிப் பதிவாகிவிடலாம். மாதத்துக்குப் பகலில் 150 யூனிட், இரவில் 350 யூனிட் எரிக்கும் வீடு, பகல் விலை 30 பென்ஸ், இரவு விலை 15 பென்ஸ் என்றால் சரியான தொகை 97 பவுண்ட் 50 பென்ஸ். மாறிப் பதிவானால் அதுவே 127 பவுண்ட் 50 பென்ஸ். மாதாமாதம் 30 பவுண்ட் சத்தமில்லாமல் போகும். தூங்கப் போகும்போதும் காலையில் எழுந்ததும் ரீடிங் பார்த்தால் எது இரவு எண் என்று தெரியும். எரிவாயுவில் இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு: புதிய மெட்ரிக் மீட்டரைப் பழைய கன அடி மீட்டர் என்று பதிந்துவிட்டால் பில் ஏறக்குறைய 2.83 மடங்காகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்து, பில்லும் சரியாகவே இருக்கும் வீடுகளும் உண்டு. தண்ணீர் சூடாக்கும் இம்மெர்ஷன் ஹீட்டரை யாரோ எப்போதோ போட்டு மறந்திருப்பார்கள். அது சாதாரணமாக 3 கிலோவாட், மூன்று மணி நேரம் ஓடினால் 9 யூனிட். ஆஃப்ஜெம் வைக்கும் விலை உச்சவரம்பு, 'பிரைஸ் கேப்' இருக்கிறதே, அதற்கு மேல் எப்படி வரும் என்பதும் வழக்கமான கேள்வி. அந்த உச்சவரம்பு யூனிட் விலைக்கும் தினக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்லை. செய்தியில் சொல்லும் ஆண்டுத் தொகை ஒரு சராசரி வீட்டை வைத்துப் போட்டது. 2023 அக்டோபரில் ஆஃப்ஜெம் அந்தச் சராசரியை மின்சாரத்துக்கு ஆண்டுக்கு 2,700 யூனிட் என்று வைத்தது. உங்கள் வீடு 5,000 யூனிட் எரித்தால் பில்லும் அதற்கேற்பத்தான் வரும்.

மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் டைரக்ட் டெபிட்டை உடனே வங்கியில் நிறுத்து என்று வாட்ஸாப் குழுக்களில் ஒரு யோசனை சுற்றுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதத் தவணை வேறு, பில் வேறு. தவணையை மட்டும் கூட்டியிருந்தால், எந்தக் கணக்கின்படி என்று கேட்டுக் குறைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மொத்தமாக நிறுத்தினால் பாக்கி ஏறும், டைரக்ட் டெபிட்டுக்கான மலிவு விலையும் போகும், கடன் வரலாற்றிலும் கறை படியலாம். உங்கள் கணக்குப்படி நியாயமான தொகையைத் தொடர்ந்து கட்டுங்கள். தகராறில் உள்ள தொகைக்கு மட்டும் வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கடன் வசூல் நிறுவனத்தின் ஆள் கதவைத் தட்டினால் அவரை உள்ளே விட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

போனில் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். இதைப் புகாராகப் பதிவு செய்யச் சொல்லி, புகார் எண் வாங்கி, அன்றே ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். நீளமாக எழுத வேண்டாம்: எந்தத் தேதியில் மாறினேன், நீங்கள் போட்ட ஆரம்ப ரீடிங் இது, உண்மையானது இது, போட்டோ இணைத்திருக்கிறேன், பில்லைத் திருத்தி அனுப்புங்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் கதைக்குப் பதில் சொல்வார்கள், எண்ணை விட்டுவிடுவார்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் புதிய கம்பெனியின் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் சேருங்கள். வயதானவர்கள், நோயாளிகளோடு ஆங்கிலம் சரியாக வராதவர்களும் அதில் இலவசமாகச் சேரலாம். கம்பெனி மாறினால் மறுபடி பதிய வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துப் பேசுவதைத் தயவுசெய்து தவிருங்கள்.

புகார் பதிந்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை, அல்லது இனி எங்களால் முடியாது என்று கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது என்றால், இப்படிப்பட்ட தகராறுகளை நடுநிலையாக விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, அந்தக் கடிதம் வந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். பில்லைத் திருத்தச் சொல்லவும் 10,000 பவுண்ட் வரை தீர்வு வழங்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பிழை இரண்டு கம்பெனிக்கும் நடுவில் இருக்கிறது என்று தோன்றினால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் புகார் பதிந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மீது போட்ட வழக்கில் மற்றவர் நழுவிவிடுவார். இடையில் யோசனை கேட்க, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் எண் 0808 223 1133. இந்த எண் இங்கிலாந்து, வேல்ஸ் வீடுகளுக்கு. வட அயர்லாந்தில் ஒழுங்குமுறை அமைப்பே வேறு.

ஆம்பட்ஸ்மன் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 28 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். ஏற்றுக்கொள்ளாமல் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அந்த முடிவில் கிடைத்ததை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.