இம்போர்ட் முடிந்தது, பிழை 0. தரவு சரியா?

ஒரு மருத்துவமனையின் பழைய மென்பொருளில் இருந்த நோயாளிப் பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றித்தரும் வேலை. இரவோடு இரவாக இம்போர்ட் ஓடி முடிந்தது. எல்லாப் பதிவுகளும் ஏறிவிட்டன, பிழை 0 என்று திரை பச்சை நிறத்தில் காட்டியது. மறுநாள் காலை ஒரு செவிலியர், நெடுநாளாக வந்துபோகும் ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இவங்களுக்கு பென்சிலின் ஒத்துக்காதுன்னு எழுதி வெச்சிருந்தோமே, அது எங்க சார்?"

அது புதிய மென்பொருளில் எங்குமே இல்லை. பழையதில் ஒவ்வாமைக்கென்று தனி ஃபீல்டு கிடையாது. ஆகவே பல ஆண்டுகளாக அதை 'குறிப்பு' என்ற பொதுக் கட்டத்தில் எழுதிவந்திருக்கிறார்கள். புதியதில் ஒவ்வாமைக்குத் தனி ஃபீல்டு உண்டு, 'குறிப்பு' கிடையாது. எந்தப் பழைய ஃபீல்டு எந்தப் புதிய ஃபீல்டுக்குப் போகும் என்று பொருத்தும் மேப்பிங் திரையில் 'குறிப்பு' என்பதற்கு எதிரே பொருத்தம் எதுவும் வராததால், 'தவிர்' என்பதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய சர்வரை இன்னும் அணைக்காததால் அன்றைக்கே எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம். யாருக்கும் எதுவும் நேரவில்லை. ஆனால் அந்தச் செவிலியர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஃபீல்டுகள் பொருந்தாமல் போவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பு எழுத்தில் வரும் பிழைச் செய்திதான். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து, கட்டாய ஃபீல்டு காலி, இப்படி. அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். எந்த வரி, எந்த ஃபீல்டு என்று மென்பொருளே சொல்லிவிடுகிறது, திருத்திவிடலாம். என் கவலையெல்லாம், பொருந்தாமலே பொருந்தியதுபோல உள்ளே போய்விடும் தரவைப் பற்றியது.

தேதியை எடுத்துக்கொள்வோம். கோப்பில் நாள்/மாதம் என்ற வரிசை, மென்பொருள் எதிர்பார்ப்பதோ மாதம்/நாள். 25/04 வந்தால் 25-ஆவது மாதம் கிடையாது என்று மென்பொருள் நிராகரிக்கும். 03/04 வந்தால்? ஏப்ரல் 3 அமைதியாக மார்ச் 4 ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டின் 365 நாட்களில் 221 நாட்கள் நிராகரிக்கப்படும். 01/01, 02/02 போன்ற 12 நாட்கள் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மீதி 132 நாட்கள் ஒரு சத்தமும் இல்லாமல் வேறு நாளாக மாறிவிடும். நிராகரிக்கப்பட்ட வரிகளை மட்டும் கையால் திருத்தி மறுபடி ஏற்றுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அத்துடன் பிழைப் பட்டியல் காலியாகிவிடும், அந்த 132 நாட்களுக்குரிய பிறந்த தேதிகள் தப்பாகவே தங்கிவிடும். இன்னொரு வகை கருவி உண்டு. அது பிழையே காட்டாது, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகிக்கும். பைத்தான் நிரல்மொழியில் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ் நூலகம் 2023-இல் வந்த 2.0 பதிப்புக்கு முன்புவரை இயல்பாகச் செய்தது இதைத்தான். ஒரே நெடுவரிசையில் 25/04 நாள் முதலாகவும், 03/04 மாதம் முதலாகவும் படிக்கப்படும்.

இதற்கு நான் செய்வது ஒன்றே. தேதி நெடுவரிசை முழுவதையும் பிரித்து, முதல் எண்ணில் 12-க்கு மேல் வருகிறதா, இரண்டாவதில் வருகிறதா என்று பார்ப்பேன். எதில் வருகிறதோ அது நாள். இரண்டிலும் வந்தால், அந்தக் கோப்பு இரண்டு இடங்களிலிருந்து ஒட்டப்பட்டது என்று பொருள். பிரித்துத் தரும்படி திருப்பி அனுப்பிவிடுவேன். அதன்பிறகு ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதித் தரம் சொல்கிறபடி ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றிவிட்டுத்தான் ஏற்றுவேன்.

சில சமயம் கோப்பு நம் கைக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து, "சும்மா ஒரு தடவை பார்த்தேன்" என்று சேமித்து மூடினாலே போதும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்கள் போய்விடும். 12 இலக்கத் தொலைபேசி எண் 9.87654E+11 போன்ற தோற்றத்துக்கு மாறி, அப்படியே சேமிக்கப்படும். பின்னிலக்கங்கள் திரும்ப வரவே வராது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். மரபணு ஆய்வாளர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. செப்ட்1, மார்ச்1 என்ற மரபணுக் குறிகளை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் மனித மரபணுப் பெயரிடல் குழு அந்தப் பெயர்களையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டதாக 2020-இல் அறிவித்தது. ஒரு மென்பொருளின் ஊகத்துக்காக அறிவியலே பெயரை மாற்றிக்கொண்டது.

அதே 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவு எக்செலின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்-க்குள் ஏற்றப்பட்டது. அந்த வடிவம் தாங்குவது 65,536 வரிகள்தான், மிச்சம் விடுபட்டது. தொற்றுள்ளவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் அதனால் தாமதமானது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் 'கொ' என்பதை 'க', 'ொ' என்ற இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். 'க', 'ெ', 'ா' என்ற மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கு அவை வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இந்தக் கலப்பு சாதாரணம். பெயரை வைத்து ஒப்பிட்டுப் பழைய பதிவோடு இணைக்கும்போது, ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாவது இப்படித்தான். இம்போர்ட்டுக்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் ('கொ'-வை இரண்டே குறியீடுகளாக வைப்பது) கொண்டுவந்துவிடுங்கள். இரண்டாவது, நீளம். 'செந்தாமரை' நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 9 குறியீடுகள். குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 27 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் எழுத்து ஃபீல்டின் நீளம் இயல்பாக பைட்டில்தான் அளக்கப்படும். 20 என்று வைத்த ஃபீல்டில் இந்தப் பெயர் அடங்காது, பிழை வரும். வருவதே நல்லது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் 5.7-க்கு முந்தைய பதிப்புகள் இயல்பான அமைப்பில், நீளம் மீறினால் வாலை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

காலி இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'தெரியாது', 'இல்லை', 'பூஜ்ஜியம்', 'கேட்கவே இல்லை' என்ற நான்கும் கோப்பில் ஒரே வெற்றுக் கட்டமாக வரலாம். ரத்த சர்க்கரை ஃபீல்டில் காலியிடம் 0 ஆக ஏறினால், சராசரி மொத்தமும் பொய். ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் புதுப்பிக்கும் இம்போர்ட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். காலிக் கட்டம் வந்தால் பழைய மதிப்பை விட்டுவைக்கும் மென்பொருளும் உண்டு, அழித்துவிடும் மென்பொருளும் உண்டு. எது என்று இரண்டே வரிகளை ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் முழுக் கோப்பையும் ஏற்றாதீர்கள்.

தானாகப் பொருத்தும் வசதியை நான் வெறுக்கவில்லை, நேரம் மிச்சமாகிறது. ஆனால் அது பார்ப்பது பெயரை மட்டும். இங்கே 'தேதி', அங்கே 'தேதி' என்றால் இணைத்துவிடும். ஒன்று பதிவு செய்த தேதி, மற்றது கடைசியாக வந்த தேதி என்பது அதற்குத் தெரியாது. 'நிலை: 3' என்பதற்குப் பழைய அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்பதும் தெரியாது. அது அங்கே தினமும் உட்கார்ந்து பதிவு செய்பவருக்குத்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் மேப்பிங் தாளை நான் தனியாக முடிப்பதில்லை. பழைய ஃபீல்டு, புதிய ஃபீல்டு, மாற்றும் விதி ஆகியவற்றோடு நான்காவதாக 'யார் சொன்னது' என்றொரு நெடுவரிசை வைத்திருக்கிறேன். அதில் பெயர் இல்லாத வரி எதுவும் இம்போர்ட்டுக்குப் போகாது. ஒவ்வொரு ஃபீல்டிலிருந்தும் இருபது முப்பது உண்மையான மதிப்புகளை அவர்கள் முன்னால் வைத்துப் பேசுவேன். "இந்த கட்டத்துல இதையெல்லாமா எழுதி வெச்சிருக்கோம்!" என்று அவர்களே வியப்பார்கள். 'தவிர்' என்று முடிவு செய்யும் ஃபீல்டுகளுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன்.

தரவை நேராகப் பயன்பாட்டில் இருக்கும் அட்டவணைக்குள் கொட்டுவதில்லை. முதலில் எல்லாம் வெறும் எழுத்தாக ஓர் இடைக்கால அட்டவணைக்குப் போகும். மூலக் கோப்பைத் தொடமாட்டேன், பிரதியில்தான் வேலை. பழைய பதிவு எண் ஒவ்வொரு வரியோடும் கூடவே பயணிக்கும். ஏறிய பிறகு வரி எண்ணிக்கை சரியாக இருப்பது எனக்குப் போதாது. ஒரு நெடுவரிசை முழுக்கப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தாலும் எண்ணிக்கை சரியாகவே வரும். ஒவ்வொரு ஃபீல்டிலும் எத்தனை காலி, எத்தனை வேறுபட்ட மதிப்புகள், சிறியது எது, பெரியது எது என்று முன்னும் பின்னும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்த மருத்துவமனையில் இதைச் செய்திருந்தால், ஒவ்வாமை ஃபீல்டு நூற்றுக்கு நூறு காலி என்பது இரவே தெரிந்திருக்கும்.

பழைய சர்வரை எப்போது அணைக்கலாம் என்று வாடிக்கையாளர்கள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள். திருத்த முடியாதபடி, பார்க்க மட்டும் முடியும்படி அதைச் சில மாதங்கள் ஓடவிடச் சொல்வேன். அந்தச் செவிலியரின் கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடிந்தது அது ஓடிக்கொண்டிருந்ததால்தான்.