பிரிதிறன்: ‘ரெசல்யூஷன்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

அம்மாபேட்டையில் பக்க வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு என்று நாள் முழுக்கத் தமிழ் எழுத்தோடுதான் இருப்பு. கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒருமுறை 32 அங்குல மானிட்டர் வாங்கினேன். கடையில் ‘ஃபுல் எச்டி ரெசல்யூஷன்’ என்றார்கள். எச்டியே ‘ஃபுல்’லாக இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று நம்பி எடுத்துவந்தேன். அடுத்த மாதமே ஒரு பத்திரிகையில் ‘கீழ்க்கண்ட’ என்று வரவேண்டியது ‘கிழ்க்கண்ட’ என்று அச்சாகிவிட்டது. திரையில் இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன்.

தப்பு எங்கே என்று அளந்து பார்த்தேன். கி, கீ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேல்விலங்கின் (எழுத்தின் தலைமேல் வளையும் கோட்டின்) முனையில் இருக்கும் சின்னச் சுழி மட்டுமே. 32 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அந்தத் திரையின் அகலம் சுமார் 71 செ.மீ.; அதில் 1920 புள்ளிகள் (பிக்சல்). ஒரு புள்ளி 0.37 மி.மீ. ஆகிறது. 11 பாயிண்ட் (சுமார் 3.9 மி.மீ.) எழுத்தை உள்ளது உள்ளபடி காட்ட அந்தத் திரைக்குக் கிடைப்பது பத்துப் புள்ளி உயரம். அதற்குள் ககரமும் வேண்டும், விலங்கும் வேண்டும், சுழியும் வேண்டும். சுழிக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் மிஞ்சும். அதன் நடுவே இருக்கவேண்டிய வெற்றிடம் அடைந்துபோகும். சுழி விலங்கோடு ஒட்டிக்கொள்ளும். பிரிந்து தெரியவேண்டியது பிரியவில்லை. ‘ரெசல்யூஷன்’ என்ற சொல்லின் பொருளே இதுதான் என்று அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘சோல்வெரே’ என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். முன்னொட்டுச் சேர்ந்த ‘ரெசோல்வெரே’ கட்டவிழ்த்துப் பகுதி பகுதியாக்குவதைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது பல கிளையாகப் போயிற்று. சிக்கலை அவிழ்த்தால் தீர்வு. மனச்சிக்கலை அவிழ்த்து ஒரு முடிவுக்கு வந்தால் உறுதி. சபை கூடி முடிவெடுத்தால் தீர்மானம். ஒளியியலில் மட்டும் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. நெருங்கி நிற்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றலுக்கு அந்தப் பெயர். எவ்வளவு நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதற்கு 1879-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு ஓர் அளவுகோல் வகுத்தார். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் இன்றும் அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்கு இரவில் போனால் போதும். கீழே சேலம் முழுக்க விளக்குப் பரப்பு. நமக்கு நேராக வரும் காரின் இரண்டு முகப்பு விளக்குகள் தொலைவில் ஒரே வெளிச்சப் பொட்டாகத் தெரியும். கிட்டே வர வர அந்தப் பொட்டு நீண்டு, திடீரென்று இரண்டாகும். நல்ல பார்வை என்று கண் மருத்துவர் எழுதித்தரும் 6/6 கண்ணால் பிரிக்க முடிவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. பஞ்சாங்கக் கணக்கில் இதற்கே ‘கலை’ என்று பெயர். விளக்குகளுக்கு இடையே ஒன்றேகால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாலேகால் கிலோமீட்டர் தொலைவில் அந்த இடைவெளி ஒரு கலையாகிறது. இரவில் வெளிச்சம் கூசுவதால் இன்னும் கிட்டே வந்தபிறகுதான் பிரியும்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. வணிகத் தளங்களில் வரும் ‘திரைத் தீர்மானம்’ இயந்திர மொழிபெயர்ப்பின் பிழை. சபையில் போடும் தீர்மானத்தைத் திரையில் ஒட்டியிருக்கிறார்கள். அதை விட்டுவிடலாம். கணினி, செல்பேசி அமைப்புகளில் இருப்பது ‘தெளிவுத்திறன்’. தெளிவு அழகான சொல். கலங்கிய தண்ணீரில் மண் அடியில் தங்கினால் தெளிவு. ஆனால் திரையில் வெளிச்சம் கூடினாலும் தெளிவு, கறுப்பு ஆழமாக இருந்தாலும் தெளிவு, கண்ணாடியைத் துடைத்தாலும் தெளிவு. எது பிரிகிறது, எது ஒட்டுகிறது என்பதை அந்தச் சொல் தொடவே இல்லை. இயற்பியல் பாடம் படித்தவர்களுக்குப் பழக்கமான ‘பிரிதிறன்’ தொடுகிறது. லத்தீன் வேரின் பொருளும் அதில் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

ஒரு சிக்கல் உண்டு. மானிட்டர் பெட்டியில் ரெசல்யூஷன் என்று போட்டிருப்பது பிரிதிறன் இல்லை. அது வெறும் புள்ளிக் கணக்கு. நம் வீட்டுப் பெண்கள் கோலத்துக்குச் சொல்லும் கணக்கே. 15 புள்ளி 15 வரிசை என்பதுபோல, ஃபுல் எச்டி என்றால் 1920 புள்ளி 1080 வரிசை. கியூ எச்டி 2560 புள்ளி 1440 வரிசை. 4கே 3840 புள்ளி 2160 வரிசை. ஃபுல் எச்டியைப்போல் சரியாக நாலு மடங்கு, மொத்தம் 82,94,400 புள்ளிகள். (1080, 1440 என்று வரிசையை வைத்துப் பெயரிட்டு வந்தவர்கள் 4கே-யில் மட்டும் அகலத்துக்குத் தாவிவிட்டார்கள். வாங்குபவர் குழம்புவதற்கு இது ஒரு காரணம்.) 15 புள்ளிக் கோலத்தைப் பூஜையறையிலும் போடலாம், பொங்கலன்று தெருவை அடைத்தும் போடலாம். கணக்கு ஒன்றுதான், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி வேறு. அதனால் பெட்டியில் இருப்பதைப் ‘புள்ளிக் கணக்கு’ என்றும், ஓர் அங்குலத்தில் எத்தனை என்பதைப் ‘புள்ளி நெருக்கம்’ என்றும், இவற்றோடு நம் கண்ணும் தூரமும் சேர்ந்து தருவதைப் ‘பிரிதிறன்’ என்றும் சொல்லிப் பழகினால் கடையில் ஏமாற வேண்டியதில்லை.

24 அங்குல ஃபுல் எச்டியில் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே கணக்கை 32 அங்குலத்தில் விரித்தால் 69. நான் வாங்கியது அதுதான். 32 அங்குலத்தில் கியூ எச்டி எடுத்தாலும் 92-தான்; திரை பெரிதாகும், எழுத்து நேர்த்தியாகாது. 27 அங்குல கியூ எச்டியில் 109. கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் தாராளம், விலையும் கட்டுப்படியாகும். நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைத் திருத்துபவருக்கு நான் சொல்வது 32 அங்குல 4கே. அங்குலத்துக்கு 138 புள்ளி, ஒரு புள்ளி 0.185 மி.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் கண் பிரிக்கக்கூடிய எல்லை 0.17 மி.மீ. ஏறக்குறைய அதைத் தொட்டுவிடுகிறோம். அதே 11 பாயிண்ட் எழுத்துக்கு இப்போது 21 புள்ளி உயரம். கீயின் சுழிக்குள் வெள்ளை தெரிகிறது.

4கே போட்டதும் எழுத்து பொடியாகிவிட்டதென்று சிலர் புள்ளிக் கணக்கை 1440-க்கு இறக்கிவிடுகிறார்கள். செய்யவே கூடாது. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் பரப்பச் சொன்னால் ஓரமெல்லாம் மசமசவென்றாகும். கணக்கை 2160-லேயே விட்டுவிட்டு, அமைப்பில் ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 விழுக்காடாக வைத்தால் எழுத்து பெரிதாகும், புள்ளி ஒன்றும் வீணாகாது. கணினியிலிருந்து திரைக்கு வரும் கேபிளையும் பாருங்கள், பழைய எச்டிஎம்ஐ 1.4 வகை 4கே-யை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும்.

எழுதும்போது ஒன்று. தெளிவுத்திறனில் ஒற்று உண்டு என்பதால் ‘பிரித்திறன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பிரிதிறன், ஊறுகாய்போல வினைத்தொகை. நேற்றுப் பிரித்த திறன், இன்று பிரிக்கின்ற திறன், நாளை பிரிக்கும் திறன் மூன்றும் அதற்குள் அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது; ‘த்’ வேண்டாம்.