ஸ்ட்ரிப் ஊதாவானால் கொழுப்பு கரைகிறதா?

சிறுநீரில் நனைத்துக் கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த ஸ்ட்ரிப்பை மைனி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுனியில் இருந்த சின்னச் சதுரம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. "பாத்தியளா தம்பி, எப்படி ஊதாவா வந்துருக்கு! கொழுப்பெல்லாம் கரையுது." சோற்றை விட்டு, மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் கீட்டோ உணவுக்கு மாறிப் பதினெட்டு நாள். பாளையங்கோட்டையில் எங்கள் அண்ணன் வீட்டில் சோறு வடிக்காத மத்தியானத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எடை மூன்றரை கிலோ குறைந்திருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த நிறத்துக்கும் இடுப்புக் கொழுப்புக்கும் அவர் நினைத்த மாதிரி நேரடித் தொடர்பு கிடையாது. பிறகு அவரிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் உடம்பு சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் இடம் ரொம்பச் சின்னது. கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். எல்லாம் சேர்த்து 2,000 கலோரி. ஏறக்குறைய ஒரு நாள் பாட்டுக்குக் காணும். கொழுப்புக் கணக்கு வேறு. ஒருவர் உடம்பில் 15 கிலோ கொழுப்பு இருந்தாலே ஒரு லட்சம் கலோரிக்கு மேல் இருப்பு. கிளைக்கோஜன் மொட்டைமாடித் தொட்டி என்றால், கொழுப்பு பாபநாசம் அணை.

அணையின் ஷட்டர் இன்சுலின் கையில் இருக்கிறது. சோறு, இட்லி, சீனி எது சாப்பிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும், கணையம் இன்சுலினைச் சுரக்கும், கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பமிலம் வெளியேறுவது அடங்கிவிடும். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும், ஷட்டர் தூக்கப்படும், கொழுப்பமிலம் ரத்தத்தில் இறங்கி ஓடும். தசையும் இதயமும் அதை அப்படியே எடுத்து எரித்துக்கொள்ளும். மூளைதான் சிக்கல். ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும் உறுப்பு அது. கொழுப்பமிலத்தை எரித்துப் பிழைக்க அதனால் முடியாது.

அந்த இடத்தில்தான் ஈரல் ஒரு வேலை செய்கிறது. வந்து குவியும் கொழுப்பமிலத்தை உடைத்து, தண்ணீரில் கரையும் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அவைதான் கீட்டோன்கள்: அசிட்டோஅசிட்டேட், பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அப்புறம் கொஞ்சம் அசிட்டோன். முதல் இரண்டும் மூளைக்குள் நுழையும், எரியும். அசிட்டோன் மூச்சோடு வெளியே போகும். கீட்டோவில் இருப்பவர்கள் வாயில் கனிந்துபோன பழவாடை அடிப்பது அதனால்தான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கீட்டோனைத் தயாரிக்கிற ஈரலால் அதைப் பயன்படுத்த முடியாது, அதற்கு வேண்டிய நொதி ஈரலில் இல்லை. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டுத் தான் தொடாத கை அது.

1960களில் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலின் குழு, ஐந்தாறு வாரம் மருத்துவமனையிலேயே பட்டினி இருந்த பருமனான சிலருடைய மூளைக்குப் போகும் ரத்தத்தையும் திரும்பி வரும் ரத்தத்தையும் எடுத்து அளந்து பார்த்தது. மூளை தன் தேவையில் பெரும்பகுதியைக் கீட்டோனிலிருந்தே எடுத்துக்கொண்டது 1967இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. கீட்டோன் இல்லையென்றால் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸுக்காக உடம்பு தசையைக் கரைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். பஞ்சத்தில் மனிதன் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தது இந்த ஏற்பாட்டால்தான். இதையே உணவுமுறையாக்கி, 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்கு முன்மொழிந்தார். எடை குறைக்க என்று வந்தது பிற்பாடு.

சரி, மைனியின் மூன்றரை கிலோவுக்கு வருவோம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தொட்டி காலியாகும்போது 500 கிராம் கிளைக்கோஜனோடு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் போகிறது. இரண்டு கிலோ அங்கேயே முடிந்தது. மிச்சத்தில்தான் கொழுப்பு.

இது தெரியாமல் மைனி பட்ட பாடு கொஞ்சமில்லை. அடுத்த வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். மறுவீட்டு விருந்தில் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு துண்டு அல்வா. மறுநாள் காலையில் எடை மெஷின் ஒன்றரை கிலோ கூடக் காட்டியது. "எல்லாம் போச்சு தம்பி" என்று போனிலேயே அழுதுவிட்டார். ஒன்றரை கிலோ கொழுப்புச் சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் ஒரு ஆளால் அது முடியாது. தொட்டி மறுபடி நிறைந்தது, தண்ணீரும் கூடவே ஏறியது. நான்கு நாளில் இறங்கிவிட்டது.

இனி அந்த ஊதா நிறம். மெடிக்கலில் வாங்கும் ஸ்ட்ரிப், சிறுநீரில் கழிந்து போகும் அசிட்டோஅசிட்டேட்டை மட்டும்தான் காட்டும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து நிறம் கூடும். சில வாரம் போனால் உடம்பு கீட்டோனை வீணாக்காமல் பயன்படுத்தப் பழகிவிடும், நிறம் வெளுக்கும். பலர் அதைப் பார்த்துப் பயந்து இன்னும் கடுமையாகப் பட்டினி கிடக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று: கீட்டோனாக மாறுகிற கொழுப்பு அணையிலிருந்து வந்ததா, தட்டிலிருந்து வந்ததா என்று ஸ்ட்ரிப்புக்குத் தெரியாது. மைனி தினமும் காலையில் கடுங்காப்பியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெயில் இருக்கும் நீளம் குறைந்த கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போய் எளிதில் கீட்டோனாகும். நிறத்தில் ஒரு பங்கு அந்தக் காப்பியால் வந்தது. அந்த எண்ணெயின் கலோரி மட்டும் 240. அணையிலிருந்து எடுக்க வேண்டியதை வெளியிலிருந்து ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஆக, ரத்தத்தில் கீட்டோன் கூடியிருக்கும் நிலை, அதாவது கீட்டோசிஸ் என்பது எரிபொருள் மாறியிருக்கிறது என்பதற்கான அடையாளம். இருப்பு குறைகிறதா என்பது வரவு செலவைப் பொறுத்தது. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருஷம் கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இளைத்தார்கள், சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. பிறகு 2021இல் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று விட்டுப் பார்த்தது. கீட்டோ சாப்பாட்டைவிடக் கொழுப்புக் குறைந்த தாவர உணவு சாப்பிட்ட நாட்களில்தான் அவர்கள் தினம் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் மாவுச்சத்தைக் குறைப்பதே வீண் வேலையா? நம்மைப் பொறுத்தவரை நிச்சயமாக இல்லை. இந்தியர்கள் தங்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு சொல்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைகிற ஊரில் தட்டு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நூறு கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று 400 கிராம் போனால் 110 கிராமைத் தாண்டும், அதுவும் ஒரே வேளையில். கீட்டோவுக்கோ நாள் முழுவதற்கும் 50 கிராம்தான் கணக்கு. ஆனால் 130 கிராமுக்குள் நின்றாலே அது குறைந்த மாவுச்சத்து உணவுதான்.

நான் மைனிக்குச் சொன்னது அந்த நடு வழியைத்தான். காலையில் மூன்று இட்லி, ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம். மத்தியானம் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பழகிய 150 கிராம் சோறு. தட்டின் மற்ற பாதியில் அவரைக்காயோ கொத்தவரங்காயோ முருங்கைக்கீரையோ. சொதியை விட வேண்டியதே இல்லை, சோறுதான் குறைய வேண்டும். இரவில் முட்டை, பாசிப்பயறு, இல்லையென்றால் உவரியிலிருந்து வரும் மீன். எல்லாம் கூட்டினால் 110 கிராமை ஒட்டி நிற்கும். இதில் ஸ்ட்ரிப் ஊதாவாகாது. ஆனால் புரதம் போதுமான அளவு இருப்பதால் பசி அடங்கும், தசை கரையாது, வாரத்துக்கு அரை கிலோ இறங்க வழி உண்டு.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்புக்கும் சோளத்துக்கும் மாறிவிட்டால் மாவுச்சத்து குறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கம்பில் நார்ச்சத்து கூடுதல், நல்ல தானியம். ஆனாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். கருப்பட்டியும் சர்க்கரைதான், பதநீரும் அப்படித்தான். பனங்கிழங்கு முழுக்க மாவு. வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கில் சேருங்கள்.

மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் முதல் வாரம் தலைவலியும் கெண்டைக்கால் இழுப்பும் வரலாம். இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே விடுவதுதான் காரணம். நம் வெயிலில் வியர்வையிலும் உப்புப் போகும். உப்புப் போட்ட நீர்மோர் போதும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

என்னை உண்மையிலேயே பதற வைத்தது வேறு. ஒரே அடுக்களை என்பதால் அண்ணனும் சோற்றை விட்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. அன்றைக்கு மேசை மேல் மைனியின் ஸ்ட்ரிப் டப்பாவுக்குப் பக்கத்திலேயே அவருடைய மாத்திரை அட்டை கிடந்தது: டபாக்ளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை. எம்பாக்ளிஃப்ளோசினும் இதே வகை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், கீட்டோன் கட்டுமீறிப் பெருகி ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இதைத்தான் கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். உணவால் வரும் கீட்டோசிஸில் கீட்டோன் அளவு பெரும்பாலும் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை; கீட்டோஅசிடோசிஸில் அதைத் தாண்டி ஏறும், பல மடங்குகூட ஆகலாம். கொடுமை என்னவென்றால், இந்த மாத்திரைக்காரர்களுக்குச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே அது வரலாம், குளுக்கோமீட்டர் எச்சரிக்காது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து எதிர்த்திசையில், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகக் கீட்டோவில் இறங்கவே கூடாது.

அன்று சாயங்காலமே அண்ணனை அவருடைய மருத்துவரிடம் கூட்டிப் போனேன். சோற்றை முழுக்க நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கள் என்றார் அவர். இப்போது இருவர் தட்டும் ஒன்றுதான். காப்பியில் எண்ணெய் போய்விட்டது. ஸ்ட்ரிப்புக்குப் பதிலாகத் தையல் டேப். ஞாயிறு காலை, தொப்புளை ஒட்டி, மூச்சை இழுக்காமல் அளக்க வேண்டும்.

போன வாரம் மைனி கேட்டார், "தை பொறந்தா புது அரிசிப் பொங்கல் உண்டுமே தம்பி, என்ன செய்ய?"

"சாப்பிடுங்க மைனி. நாலு நாளைக்கு மெஷின்ல மட்டும் ஏறாதிய."