அது செம்பு இல்லை, கண்ணாடி

போன வாரம் மட்டும் மூன்று இடத்தில் இணையக் கேபிள் கட். மூன்றாவது இடத்தில் வண்டியை நிறுத்தும்போது இரவு ஏழரை ஆகிவிட்டது. வாய்க்கால் கரையில் பிளாஸ்டிக் கருகிய வாடை. ஏறக்குறைய நாற்பது மீட்டர் கேபிளை வெட்டி, குவித்து, தீ வைத்திருந்தார்கள். உறை உருகித் தார் மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. சாம்பலுக்கு நடுவே குச்சியால் கிளறிய தடம். செம்பைத் தேடியிருக்கிறார்கள்.

அதில் செம்பு இல்லை. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை லைனில், அறுந்த இடத்தை ஒட்டி ஜாயின்ட் போடுவதுதான் என் வேலை. இந்த ஒரு விஷயத்தை எத்தனை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனாலும் கேபிள் எரிகிறது. அதனால் இங்கே விளக்கமாகவே சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு உறையைக் கீறினால் உள்ளே மஞ்சள் நூல் கற்றையாக இருக்கும். இழுத்தால் அறுந்துவிடாமல் கேபிளைத் தாங்குவது அதுதான். அதற்கும் உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று மெல்லிய குழாய்கள். குழாயை வெட்டினால் விரலில் ஒட்டும் ஜெல்லி, அந்த ஜெல்லிக்குள் முடி கனத்தில் கண்ணாடி இழைகள். "நடுவுல விறைப்பா ஒண்ணு இருக்கே, அது கம்பிதானே?" என்று கேட்பார்கள். கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த குச்சி அது. சில வகைக் கேபிளில் எலி கடிக்காமல் இருக்க மெல்லிய எஃகுத் தகடு சுற்றியிருக்கும், அதுவும் செம்பு கிடையாது. இழைக்குள் போவது ஒளி, மின்சாரம் இல்லை. பழைய தரைவழி டெலிபோன் கேபிளில் செம்பு இருந்தது உண்மைதான். அதை நினைத்துக்கொண்டு இதை வெட்டுகிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது. அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களுக்கு இணையம் போய்விடும்.

"அரசாங்கக் கேபிள்தானே, திரும்பப் போடுவாங்க" என்பது நான் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட வருவாயில் 5 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும். 2002-இல் தொடங்கிய அந்த நிதிக்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றினார்கள். நிறுவனங்களுக்கு அந்த வருவாய் நம் ரீசார்ஜிலிருந்து வருகிறது. லாபம் வராது என்று எந்த நிறுவனமும் தானாக எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு வசதி கொண்டுபோகத்தான் அதை ஒதுக்கி வைக்கிறார்கள். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் பெற்ற, ஊராட்சிகளுக்கு ஃபைபர் போடும் திட்டம் அந்த நிதியில் நடப்பதுதான். தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகளை இணைக்கத் திட்டமிட்டார்கள். 2023 ஆகஸ்டில் திட்டத்தைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

அந்தத் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, பத்து வருடப் பராமரிப்பையும் அதிலேயே சேர்த்ததுதான். கேபிள் போடுவது ஒரு தடவை வேலை, அதை உயிரோடு வைத்திருப்பது தினசரி வேலை. முதலில் போட்ட லைன்கள் ஒன்றியத்திலிருந்து ஒரே வழியாக நீண்டு போனவை. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள எல்லா ஊராட்சியும் படுத்துவிடும். இப்போது வளையமாக இணைக்கச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக ஓடும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் அறுந்தால் வளையமும் காப்பாற்றாது.

அன்று இரவு 24 இழைக் கேபிள். எரிந்த பகுதிக்குப் புதுத் துண்டு போட்டால் இரண்டு முனையிலும் ஜாயின்ட், ஆக 48 ஒட்டு. ஒவ்வொரு இழையையும் உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக வெட்டி, ஒட்டும் மெஷினில் வைக்க வேண்டும். ஒரு தூசி பட்டாலும் திரும்ப முதலிலிருந்து. முடிக்கும்போது விடிந்துவிட்டது. முந்தின நாள் மதியமே ஊராட்சி அலுவலகத்தில் சான்றிதழுக்கு வந்தவர்களை "நெட் இல்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

ஜேசிபி ஓட்டும் தம்பிகளே, குழாய் பதிக்கத் தோண்டும் ஒப்பந்தக்காரர்களே: டக்டை, அதாவது கேபிள் போகும் பிளாஸ்டிக் குழாயை, 165 சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும் என்பது விதி. பாறை உள்ள இடத்தில் மேலேயே இருக்கும், ஆழத்தை நம்பித் தோண்டாதீர்கள். 2023 மார்ச்சிலிருந்து 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி இருக்கிறது. தோண்டும் இடத்தை அதில் பதிந்தால் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். அது முடியாவிட்டால் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேளுங்கள். தவறிப் பட்டுவிட்டதா? மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து. அடுத்த நாள் முழுவதும் நாங்கள் அந்த இடத்தைத் தேடித்தான் தோண்டிக்கொண்டிருப்போம். உடனே சொன்னால் பாதி வேலை மிச்சம். அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

ஊராட்சி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். இணையப் பெட்டி வைத்திருக்கும் ரேக்குக்குக் கீழே இருக்கும் யுபிஎஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். ஃபேனுக்கும் ஃபோன் சார்ஜருக்கும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். "சத்தம் போடுது சார், அதான் ஆஃப் பண்ணோம்" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். கரண்ட் இல்லாமல் பேட்டரியில் ஓடுவதைத்தான் அது சத்தம் போட்டுச் சொல்கிறது. அணைத்தால் லிங்க் போய்விடும்.

கம்பத்தில் வட்டமாகச் சுருட்டிக் கட்டியிருக்கும் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்து மிஞ்சியது என்று நினைத்து அதை அறுத்துப் பந்தல் கட்டியதையும், மாடு கட்டியதையும் நானே பார்த்திருக்கிறேன். அது மிச்சம் இல்லை, லைன் அதற்குள் சுற்றித்தான் ஓடுகிறது. நாளைக்கு எங்காவது அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்காகவே விட்டுவைத்த நீளம் அது. கட்டு அவிழ்ந்து தொங்கினால் ஓரமாகத் தூக்கிக் கட்டச் சொல்லி ஊராட்சியில் சொல்லுங்கள். கத்தி மட்டும் வைக்காதீர்கள்.