வான்படம்: 1858-ல் விமானம் ஏது?

‘1858-ல் பாரீசுக்கு அருகே சிறைபிடிக்கப்பட்ட பலூனில் இருந்து நாதார் உலகின் முதல் விமானப் படத்தை எடுத்தார்.’

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வரி. பென்சில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. 1858-ல் விமானம் ஏது? ரைட் சகோதரர்கள் எழும்பியதே 1903 டிசம்பரில். அப்புறம், அந்தப் பலூனைச் சிறைபிடித்தது யார், என்ன குற்றத்துக்காக?

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். மூலத்தில் ‘காப்டிவ் பலூன்’ என்று இருந்திருக்கும். அப்படியென்றால் தரையில் முளையடித்து, கயிற்றில் கட்டி மேலே விட்ட பலூன். கயிறு இல்லாமல் காற்றின் போக்கில் போவது இன்னொரு வகை. முளையில் கட்டிய மாட்டைச் ‘சிறைபிடிக்கப்பட்ட மாடு’ என்று எந்த ஊரிலாவது சொல்கிறார்களா? கட்டுப் பலூன் என்றால் போதும், வேலை முடிந்தது.

விமானப் படம் அப்படி லேசில் முடிகிற விஷயமில்லை. எத்தனையாவது தடவை இதைத் திருத்துகிறேன் என்பதே மறந்துவிட்டது.

‘விமானப் படம்’ என்று மொழிபெயர்க்கப்படும் ஏரியல் போட்டோகிராப் என்ற ஆங்கிலத் தொடரின் வேர் சிக்கலானதல்ல. கிரேக்கத்தில் ‘ஏர்’ காற்று. லத்தீன் வழியாக வந்த ஏரியல், காற்றைச் சேர்ந்தது, காற்றில் இருப்பது. போட்டோ ஒளி, கிராப் வரைவு. இதில் விமானம் எங்கேயும் இல்லை.

நாதார் என்பது புனைபெயர். இயற்பெயர் காஸ்பார் பெலிக்ஸ் தூர்னாஷோன். கேலிச்சித்திரக்காரர், உருவப்படம் எடுப்பவர், பலூன் பைத்தியம். மேலிருந்து படமெடுத்து நிலம் அளக்கலாம் என்று 1858-லேயே காப்புரிமையும் வாங்கினார். அப்போது அவர் வைத்த பெயர் ‘ஏரோஸ்டாட்’ ஒளிப்படம். ஏரோஸ்டாட் என்றால் காற்றில் நிற்பது, அதாவது பலூன்.

அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் போக மனமில்லை. அந்தக் காலத்தில் ஈரக் கண்ணாடித் தட்டில்தான் படம். தட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, உலர்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். ஆகவே பலூன் கூடைக்குள்ளேயே ஒரு இருட்டுக் கூடாரம். மேலே போய் எடுத்தார், கழுவினார், தட்டு முழுக்கக் கறுப்பு. மறுபடி போனார், மறுபடி கறுப்பு. காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. பலூனில் அடைத்திருந்தது விளக்கெரிக்கும் நிலக்கரி வாயு. மேலே போகப் போக வாயு விரிந்து, பலூனின் வாய் வழியாகக் கூடையை நோக்கிக் கசிந்தது. அதிலிருந்த கந்தகம் தட்டிலிருந்த வெள்ளி உப்பைக் கறுக்கவைத்தது. நம் வீட்டு வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகிறதே, அதே வேலைதான். பலூனின் வாயை மூடிவிட்டு சுமார் 80 மீட்டர் ஏறினார், படம் விழுந்தது. அந்தப் படம் இன்று இல்லை. 1868-ல் பாரீஸ் வெற்றி வளைவுப் பகுதியை அவர் எடுத்தவை இருக்கின்றன.

இன்று கைவசம் உள்ள மிகப் பழையது அமெரிக்காவில் எடுத்தது. 1860 அக்டோபர் 13 அன்று பாஸ்டன் நகரத்துக்கு மேல் சுமார் 1,200 அடியில், அதுவும் ஒரு கட்டுப் பலூனிலிருந்து, ஜேம்ஸ் வாலஸ் பிளாக் எடுத்தார். சாய்ந்து விழும் தெருக்கள், நெருக்கியடித்த கூரைகள், ஓரத்தில் துறைமுகம்.

சரி, பெயருக்கு வருவோம். 1886-ல் காஸ்தோன் திசாந்தியே எழுதிய பிரெஞ்சு நூலின் பெயர் ‘பலூனில் ஒளிப்படம்’ என்ற பொருளில் இருந்தது. 1888-ல் ஆர்தூர் பத்தூ என்பவர் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். 1890-ல் அவர் எழுதிய நூலின் தலைப்பில் ‘பட்டத்தின் மூலம் ஏரியல் ஒளிப்படம்’ என்று வந்துவிட்டது. பலூனை மட்டும் சொல்லும் பெயர் பட்டத்துக்குப் பொருந்தாது அல்லவா? பின்னால் ஜெர்மனியில் யூலியுஸ் நோய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பிலேயே குட்டிக் கேமராவைக் கட்டினார், 1908-ல் காப்புரிமையும் பெற்றார். பொதுப் பெயர், ஏறிப்போன வண்டியை விட்டுவிட்டு, கண் நின்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாமோ அதே சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, இறக்கிவிட்ட வண்டியைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றுகிறோம்.

இதில் வரலாற்றுப் பிழை பாதி, குழப்பம் பாதி. ‘விமானப் படம்’ என்றால் பிள்ளைகள் விமானத்தின் படத்தைத்தான் வரைந்து காட்டுவார்கள். ‘தஞ்சைப் பெரிய கோயிலின் விமானப் படம்’ என்று அச்சடித்தால் என்ன புரிந்துகொள்வது? கருவறைமேல் எழும்பி நிற்கும் விமானத்தைக் கீழே நின்று எடுத்ததா, கோயிலை மேலே பறந்து எடுத்ததா? இரண்டுக்கும் சரியாக வரும் தொடர் ஒன்றுக்கும் உதவாது.

புஷ்பக விமானம் இல்லையா, பறக்கிற எதுவும் விமானம்தானே என்று ஒரு நண்பர் மடக்கினார். புராணத்தில் சரி. ஆனால் இன்று ‘விமானத்தில் போனேன்’ என்பவரிடம் பலூனிலா, புறாவிலா என்று யாரும் கேட்பதில்லை. சொல் சுருங்கிவிட்டது, சுருங்கியதைத்தான் வாசகர் கையில் கொடுக்கிறோம்.

அடுத்த போட்டியாளர் ‘வான்வழிப் புகைப்படம்’. இதற்குத்தான் ஆதரவாளர் அதிகம். வான்வழிப் பயணம், வான்வழித் தாக்குதல் எல்லாம் சரி. அங்கே ஆளோ குண்டோ வானத்தை வழியாகக் கொண்டு வந்து சேர்கிறது. படம் எங்கே பயணம் போகிறது? கட்டுப் பலூனில் பலூனே எங்கும் போகவில்லை, கட்டின இடத்துக்கு மேலேயே நின்றது. வான்வழியாக வந்து சேர்ந்த படம் என்றால், பாரீஸ் முற்றுகையின்போது 1870-ல் பலூனில் ஏற்றி அனுப்பிய தபாலைப் போல ஏதோ ஒன்று என்றுதான் பொருள் வரும். ‘வான்வெளிப் படம்’ இன்னும் மோசம். ஒரு எழுத்து பிசகினால் விண்வெளிக்குப் போய்விடுகிறது, பிசகாமலே பலர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

‘கழுகுப் பார்வையில் நகரம்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளாக் எடுத்த படத்துக்கு ‘கழுகும் காட்டு வாத்தும் காணும் பாஸ்டன்’ என்ற பொருளில் 1863-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். அங்கே அது அழகு. தமிழில் கழுகும் பருந்தும் பரந்து பார்ப்பதில்லை, இரையைக் குறிவைத்துப் பார்க்கின்றன. சூத்திரங்கள் அமையும் முறையில் ‘பருந்தின் வீழ்வு’ என்று நம் இலக்கணம் சொல்வதே, நடுவில் வேண்டிய ஒன்றை மட்டும் பாய்ந்து எடுப்பதைத்தான். ஊர் முழுவதையும் ஒரே சட்டத்தில் காட்டுவதற்கு நேர் எதிர்.

புகைப்படமா ஒளிப்படமா என்ற பழைய சண்டையில் நான் ஒளிப்படம் கட்சி. ஆனால் ‘வானொளிப்படம்’ என்று ஒட்டிப் பாருங்கள். ஒருமுறை அப்படி எழுதிக்கொடுத்தேன். தட்டச்சு செய்தவர் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘வானொலிப் படம்’ ஆக்கிவிட்டார். பக்கத்தை வடிவமைத்தவர் இன்னும் ஒருபடி போய், ஒரு பழைய ரேடியோப் பெட்டியின் படத்தைத் தேடி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

எனவே வான்படம். வானிலிருந்து எடுத்த படம். வாகனம் எதுவானாலும் கவலையில்லை. வேண்டுமானால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: பலூன் வான்படம், ட்ரோன் வான்படம். பட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘பட்டப் படம்’ என்று சுருக்கினால் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் நிற்பதாகிவிடும். மேகத்தை எடுத்தாலும் வான்படம்தானே என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது, வான்படை வானத்தோடு சண்டை போடும் படையா என்றுதான். பலூனை மாற்ற வேண்டியதில்லை. வளி, கூண்டு, கூடு என்று ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கீழே ஆள் நிற்கும் கூடையும் கூண்டுதானே, எதில் வாயு, எதில் ஆள்? திருவிழாவில் குழந்தை அழுது கேட்கிற சொல் பலூன்தான்.

வான்படம் என்பதில் இன்னொரு வசதி, அதற்கு விண்படம் என்ற பக்கத்துவீடு கிடைக்கிறது. 1956-ல் அமெரிக்கா கேமரா கட்டிய உளவுப் பலூன்களைச் சோவியத் நாட்டின் மேல் மிதக்கவிட்டது. அங்கே விழுந்தவற்றிலிருந்து எடுத்த, குளிருக்கும் கதிர்வீச்சுக்கும் தாங்கும் பிலிமைத்தான் 1959-ல் நிலவின் பின்பக்கத்தைப் படமெடுத்த லூனா 3 என்ற சோவியத் விண்கலத்தில் போட்டார்கள். பலூனில் இருந்தபோது எடுத்திருந்தால் அந்தச் சுருளில் வான்படம், நிலவருகே எடுத்ததால் விண்படம். காற்று இருக்கும் வரை வான், அதற்கு மேல் விண் என்று வைத்துக்கொண்டால் செயற்கைக்கோள் படத்தையும் இதையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பலூன் பழங்கதையும் இல்லை. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது, கரையோர மக்களும் தன்னார்வலர்களும் ஹீலியம் பலூனில் சாதாரண டிஜிட்டல் கேமராவைத் தொங்கவிட்டு, நூலைப் பிடித்துக்கொண்டே கடற்கரையை வான்படம் எடுத்து வரைபடமாக ஒட்டினார்கள். அதுவும் கட்டுப் பலூன்தான். விமானப் படம் என்று சொல்லிப் பாருங்கள், நூலைப் பிடித்திருந்தவர்களே சிரிப்பார்கள்.

நான் திருத்திய மெய்ப்பு போன வாரம் அச்சாகி வந்தது. சிறைபிடிக்கப்பட்ட பலூன் விடுதலையாகியிருந்தது. மற்றபடி, யார் மனமும் நோகக்கூடாது என்று ஆசிரியர் குழு நினைத்திருக்க வேண்டும். படத்தின் கீழே ‘உலகின் முதல் வான்வழி விமானப் படம்’ என்று போட்டிருந்தார்கள்.