நாயின் சிறுநீர்ப்பையில் கல் கட்டுவது யார்?

“எங்கள் பெண் நாய் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது. சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, அதிலும் ரத்தம். எக்ஸ்ரேயில் பெரிய கல் தெரிகிறது. ஆபரேஷன் இல்லாமல் கரைக்க முடியாதா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எந்தக் கல் என்று தெரிய வேண்டும். நாய்களுக்கு அதிகம் வருபவை இரண்டு. கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்க மருந்தில்லை; வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். ஸ்ட்ரூவைட் கரையும். பெண் நாய்களுக்கு அதுவே அதிகம்.

ஸ்ட்ரூவைட் என்பது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த படிகம். நாய்களில் பெரும்பாலும் அதை உருவாக்குவது கிருமித்தொற்று. சிறுநீரில் உள்ள யூரியா தானாகச் சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் மையத்தில் இரண்டே இரண்டு நிக்கல் அணுக்கள். அங்கே வந்து ஒட்டும் யூரியா நொடிக்குள் உடைந்து அம்மோனியாவாகிறது. அம்மோனியா சிறுநீரைக் காரமாக்குகிறது. அமிலத்தில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு கரைந்தே கிடந்த பாஸ்பேட், காரத்தில் அதை உதறிவிட்டு மெக்னீசியத்தோடும் அம்மோனியத்தோடும் சேர்ந்து படிகமாகிறது. கல்லுக்கு வேண்டிய அம்மோனியம், அது படியத் தேவையான காரம் இரண்டையும் ஒரே நொதி தந்துவிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

1926இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலில் படிகமாக்கிய நொதியும் யூரியேஸ்தான். ஒரு அவரை வகையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. உடனே பயன் கேட்கும் நிதிக்குழுக்கள் இத்தகைய ஆய்வுக்குப் பணம் தருமா என்பது எனக்குச் சந்தேகமே.

சிகிச்சைக்கு வருவோம். வயிற்றின் வழியே ஊசி செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே மாதிரி எடுப்பார்கள். வெளியே வந்த சிறுநீரில் வேறு கிருமிகள் கலந்துவிடும். காரத்தன்மை, கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு, எக்ஸ்ரே மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கல்லின் வகையை ஓரளவு ஊகிக்கலாம். ஸ்ட்ரூவைட் என்றால் ஆன்டிபயாடிக்கும், மெக்னீசியமும் பாஸ்பரஸும் குறைந்த, சிறுநீரை அமிலமாக்கும் சிறப்பு உணவும் தருவார்கள். வேறு தீனி கூடவே கூடாது. கரைய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். கல்லுக்குள்ளும் பாக்டீரியா சிக்கியிருக்கும். கரையக் கரைய அது வெளிவரும். நாய் தெம்பாகிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஆண்குறிக்குள் ஒரு எலும்பு உண்டு. அதன் பள்ளத்தில் ஓடும் சிறுநீர்க்குழாய் அங்கே விரிய முடியாது. கல் அங்கேதான் அடைக்கும். முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.