70 வயதுக்கு மேல் 5 லட்சம் காப்பீடு: அட்டை எடுக்கப் போகும் முன்

70 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஆயுஷ்மான் என்னும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு என்று 2024 அக்டோபர் 29 அன்று பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கு. அட்டைக்குப் பெயர் ‘வய வந்தனா’. வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கொண்டு வா என்று யாராவது அலைய விட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கல் வயதில்தான் தொடங்குகிறது. ஆதாரில் உள்ள வயது மட்டுமே கணக்கு. எங்கள் தெருப் பாட்டி ஒருவருக்கு வாக்காளர் அட்டையில் 73, ஆதாரில் 68. ஆதார் முகாமில் யாரோ உத்தேசமாகப் போட்ட வயது. “ஆதாரை மாத்திட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். மாற்றப் போனால் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் பிறந்தவர் எங்கே போவார்? பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த விடுவார்கள் என்பதால், கையில் சரியான ஆவணம் இல்லாமல் அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது கைரேகை. நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை அந்தக் கருவி படிக்காது. பாட்டியின் கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து ஆறு முறை வைத்தார்கள். “ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்றார்கள். நாளைக்கு மட்டும் ரேகை முளைத்துவிடுமா? கருவிழி, முகம், ஓடிபி என்று வேறு வழிகள் இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். ஓடிபி வர ஆதாரில் இப்போதைய செல்போன் எண் இருக்க வேண்டும். அதை முதலில் சரிசெய்துவிட்டுப் போங்கள். அட்டைக்குக் கட்டணம் இல்லை.

கணவன், மனைவி இருவருமே 70 தாண்டியவர்கள் என்றால் ஆளுக்கு 5 லட்சம் என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் சேர்த்துத்தான். மத்திய அரசு ஓய்வூதியர்கள், முன்னாள் படைவீரர்கள் தங்கள் பழைய மருத்துவத் திட்டம் அல்லது இது, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். அந்த வாய்ப்பும் ஒரு முறைதான், யோசித்துச் செய்யுங்கள். தனியார் காப்பீடு வைத்திருந்தால் தடை இல்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தாலும் முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. ஆனால் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் வெளிநோயாளி சீட்டுக்கும் ஒரு பைசா கிடைக்காது.

மருத்துவமனையில் சேர்க்கும் முன் காப்பீட்டு கவுன்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த அட்டை இங்கே செல்லுமா? இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா? இதய சிகிச்சைக்குப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனை, எலும்பு முறிவுக்கு இல்லாமல் இருக்கலாம். “இப்போ பணத்தைக் கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்” என்றால் நம்பாதீர்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். ரசீதைக் காட்டிப் பிறகு பணம் வாங்கும் வழி இல்லை. கட்டுவதற்கு முன்பே, அங்கே நின்றபடியே திட்டத்தின் உதவி எண்ணான 14555-க்குப் போன் போட்டுப் புகார் எண்ணை எழுதி வாங்குங்கள்.